நாடிக்கட்டு

காலை எட்டரைக்கே அந்தப் பல் ஆஸ்பத்திரியில் கூட்டம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. இசக்கிசெல்வி ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு, ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். துப்பட்டாவை முக்காடு போட்டு, அதன் நுனியை இரண்டு கன்னத்திலும் இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கிராம்புத் தைல வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே எங்கோ பல் ராவும் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. வெளியே புரட்டாசி மாதக் கடைசி மழை, பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொன்னுக்குவீங்கியாம்மா?" என்றாள்.

செல்விக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. வீட்டுக்கார ரத்னாக்காகூட அப்படித்தான் நினைத்து, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இவள் கழுத்தில் மூன்று நாள் போட்டு வைத்தாள். பொன்னைக் கண்டு இறங்குகிற வீக்கம் இல்லை அது. கம்பெனி லைனில் கூட வேலை பார்க்கும் பெண்கள், வாயில் இரண்டு பக்கமும் கொழுக்கட்டை அடக்கி வைத்திருக்கிறாள் என்று சிரிப்பார்கள். ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் ஆம்பிளைக் களையாக இருக்கிறதே என்று எழுந்து போய்விட்டார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று பெயர் வாங்கியவளுக்கு இப்படி ஒரு தாடை.

டாக்டர் ஜாஸ்மின் துப்பட்டாவை விலக்கச் சொன்னார். இரண்டு கையாலும் அவள் காதுக்குக் கீழே விரல்களை வைத்தார்.

"பல்லைக் கடி."

கடித்தாள். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை உருண்டு எழுந்தது.

"விடு."

சதை இறங்கியது. முழுதாக இறங்கவில்லை.

"இது வீக்கமும் இல்ல, கட்டியும் இல்ல. தசை. எக்சர்சைஸ் செய்யறவங்களுக்குக் கை திரளுற மாதிரி உனக்குத் தாடை திரண்டிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறியா?"

செல்வி கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர்கள், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு கண்ணாடி மாதிரியான கவசம் செய்து கொடுத்திருந்தார்கள். அது இரண்டு துண்டாகக் கிடந்தது.

டாக்டர் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதை உடைக்கணும்னா சுத்தியல் வேணும். எதையோ விட்டுடக் கூடாதுன்னு ராத்திரி பூரா இறுக்கிப் பிடிச்சிருக்கிறவ மாதிரி கடிச்சிருக்க."

"ராத்திரி இல்ல டாக்டர். நான் பகல்லதான் தூங்குவேன்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன ஐப்பசியில இருந்து."

நாளும் தெரியும், மணியும் தெரியும். அவள் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாததை நாம் இப்போதே தெரிந்துகொண்டுவிடுவது நல்லது. பின்னால் பயப்படுவதற்கு அது வேண்டியிருக்கும்.

வல்லத்துக்குப் பக்கத்தில் ரத்னாக்காவின் குடும்பம் நெல் போட்ட நிலத்தை எல்லாம் கம்பெனிக்கு விற்றுவிட்டு, மிச்சம் இருந்த துண்டில் வரிசையாக ஆறு அறைகள் கட்டி, தெற்கே இருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அறைக்கு இரண்டு பேர், ஒரே ஒரு பாய். ஒருத்தி முதல் ஷிப்டுக்கும் இன்னொருத்தி ராத்திரி ஷிப்டுக்கும் போகிறவர்களாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஒருத்தி எழுந்து போன பாயில் இன்னொருத்தி வந்து படுப்பாள். அதனால் பாயைச் சுருட்டுகிற வேலையே இல்லை.

செல்வியோடு பாயைப் பங்கு போட்டுக்கொண்டவள் வேல்விழி. சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயது. இடது பக்கம் ஒரு தெத்துப்பல், சிரித்தால் அதுதான் முதலில் சிரிக்கும். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் தலையணைக்கு அடியில் துண்டுச் சீட்டு. "அக்கா, கொசுவத்தி தீந்துருச்சு." "அக்கா, டப்பாவுல சேவு இருக்கு, எடுத்துக்கிடுங்க." காலை ஏழு மணிக்கு செல்வி வந்து படுக்கும்போது பாயில் வேல்விழியின் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டில் உடனே தூக்கம் வந்துவிடும்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசி. அந்த வருஷ மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. பழைய வயல் எது, ரோடு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. செல்வி தொப்பலாக நனைந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு அறைக்கு வந்தாள். ஐந்தேகாலுக்கே பஸ் ஏறியிருக்க வேண்டிய வேல்விழி பாயில் மல்லாந்து கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. வாய் திறந்து, ஓரத்தில் எச்சில் வழிந்திருந்தது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

ங்... ங்... ங்...

லீவு போட்டுவிட்டுக் குறட்டை விடுகிறாள் என்று செல்விக்கு எரிச்சலாக வந்தது. அவளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். சத்தம் நிற்கவில்லை. காதைப் பொத்திப் பார்த்தாள், திரும்பிப் படுத்துப் பார்த்தாள். கடைசியில், கண்ணைத் திறக்காமலே, வலது கையை நீட்டி வேல்விழியின் நாடிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, வாயை அழுத்தி மூடினாள்.

"சும்மா கெட, ஏளா" என்றாள்.

சத்தம் நின்றது. கையை எடுத்தால் மறுபடி வந்துவிடுமோ என்று அப்படியே பிடித்தபடி தூங்கிப் போனாள். அடித்துப் போட்ட தூக்கம். உச்சி வேளைக்குத்தான் விழிப்பு வந்தது. கை அதே இடத்தில் இருந்தது. கைக்குள் இருந்தது சில்லென்று இருந்தது.

காலில் இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்ததைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். கட்டுவிரியன். மழைக்கு ஒதுங்கி வந்து, தூக்கத்தில் கடித்திருக்கிறது. கடித்தது தெரியாது, வலிக்காது. விடியும்போதே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். வேல்விழியின் அம்மா உலகம்மாள் ஊரில் இருந்து வந்து, பிள்ளையின் வாய் மூடி நிற்பதற்காக நாடியோடு தலையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தடவித் தடவி அழுதாள். பிறகு செல்வியைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா எதும் சொன்னாளா தாயி? ஒத்த வார்த்த?"

"இல்ல அத்தை. நான் வரும்போதே அசையாமத்தான் கெடந்தா."

அன்றைக்குப் பகலிலிருந்துதான் செல்வியின் பல் கடிக்க ஆரம்பித்தது.

டாக்டர் ஜாஸ்மின் மருந்துக் குப்பியை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். வெளிநாட்டு மருந்து, இந்த மாதிரித் தாடைக்கு இங்கே இன்னும் அதிகம் பேர் போட்டதில்லை, பெரிய மீட்டிங்கில் உன் படத்தைக் காட்டுவேன், உனக்குச் செலவு இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தாயிற்று. பல்லுக்கு அச்சு எடுத்து, வெள்ளை மாவில் வார்த்து வைத்தாயிற்று. வரிசை பிசகாத பல் என்று டாக்டர் மெச்சினார்.

"இது ஒரு விஷம்தான், பயப்படாத. கெட்டுப்போன சாப்பாட்டுல ஒரு கிருமி உண்டாக்கற விஷம். துளியில துளி எடுத்துத் தசையில போட்டா, நரம்பு சொல்றது தசைக்குப் போகாது. கடின்னு மூளை சொல்லும், தசை சும்மா இருக்கும். சும்மா இருக்க இருக்க மெலிஞ்சிடும்."

"பாம்பு வெசம் மாதிரியா டாக்டர்?"

"சில பாம்பு. கட்டுவிரியன் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்யும், ஆனா உடம்பு பூரா. கடிபட்டவங்களுக்குக் கண்ணைத் திறக்க முடியாது, வாயை அசைக்க முடியாது. ஆனா எல்லாம் கேக்கும், எல்லாம் புரியும்."

"எல்லாம் கேக்குமா?"

"மூச்சு நிக்கிற வரைக்கும் கேக்கும்."

இது செல்விக்கு அதுவரை தெரியாது. வேண்டாம் என்று எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் தாடை வலியில் ஒரு வாய் சோறு மென்று ஆறு மாதம் ஆகியிருந்தது. காதுக்குள் குத்தியது. லைனில் தலைவலியோடு நின்று இரண்டு முறை வயரை மாற்றிச் சொருகி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"பல்லைக் கடி." பேனாவால் புள்ளி வைத்தார். "அப்படியே வை." ஒரு பக்கம் மூன்று குத்து, இன்னொரு பக்கம் மூன்று குத்து. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. "இப்ப விடு."

"உடனே போயிருமா டாக்டர்?"

"உடனே இல்ல. நாலஞ்சு நாள்ல பிடி தளரும். ரெண்டு வாரத்துல நல்லாத் தளந்துடும். புதுக் கவசம் தர்றேன், தூங்கும்போது மாட்டிக்க. நாலு மாசத்துக்கு நீ நெனச்சாலும் பழைய மாதிரி கடிக்க முடியாது."

முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் பகல் தூங்கி எழுந்தபோது தாடையில் வலி இல்லை. வாய் வறண்டு, தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து தூங்கியிருக்கிறாள். செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரத்னாக்காவிடம் ஓடிப்போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

ரத்னாக்கா கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "அது சரி, இன்னாடி தூக்கத்துல அப்டி மொனகிகினு கீற?" என்றாள்.

ரத்னாக்காவின் சமையல்கட்டும் செல்வியின் அறையும் ஒரே சுவர். வேல்விழி போன பிறகு செல்வியை வேறு அறையில் சேர்த்துப் பார்த்தார்கள். பல் நறநறப்பைப் பொறுக்க முடியாமல் அந்தப் பெண் மூன்றே நாளில் திருப்பி அனுப்பிவிட்டாள். அதனால் அந்த அறையில் செல்வி மட்டும்தான். பகல் தூக்கத்துக்காக ஜன்னலை அட்டைப்பெட்டியால் அடைத்து, இடுக்கில் பழைய சேலையைச் செருகியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தும் போதும் உள்ளே கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும்.

"மொனகலா? எப்பிடி?"

"ங்... ங்...னு. மூக்கு அடைச்சிகினு கீதா?"

செல்வி திரும்பி அறைக்குப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் ரத்னாக்கா கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். "என்னிய எதுக்குடி கூப்ட்ட?"

"நான் கூப்பிடலியே அக்கா."

"நல்லாக் கேட்டேன். அக்கா, அக்கான்னு ரெண்டு வாட்டி. கொரலுதான் உன்னுது மாதிரி இல்ல. சின்னப் பொண்ணு கொரலா கீது."

அன்று ராத்திரி லைனில் நின்றபோது செல்வி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ரத்னாக்காவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், உண்மை. ஆனால் செல்வியை அக்கா என்று கூப்பிடவும் ஒருத்தி இருந்தாள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை. ஈரமும் கொசுவத்திப் புகையும் கலந்த பழைய வாடை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

பாய் சூடாக இருந்தது.

வெளியே வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பகலைக் கழித்தாள். தூக்கம் சும்மா விடுமா? மறுநாள் அடித்துச் சாய்த்தது. எழுந்ததும் சுவரைத் தட்டினாள்.

"அக்கா, இன்னைக்கு எதும் பேசுனனா?"

ரத்னாக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னாள். "அக்கா, கைய... அப்டின்ன. அத்தோட வாய் கொளறிப் போச்சு. கைய இன்னா பண்ணணும்டி?"

செல்வி சுவரில் சாய்ந்து தன் வலது கையைப் பார்த்தாள். மீதி வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளுக்கு நாள் தாடை தளரத் தளர, உள்ளே இருந்த வார்த்தை ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. ஒரு வருஷமாகத் தூக்கத்தில் அவள் கடித்துப் பிடித்திருந்தது இதைத்தான். பிடித்திருந்த கதவின் தாழ்ப்பாளை டாக்டரம்மா கழற்றிவிட்டார்.

அன்றைக்குச் சாயந்திரம்தான் ரத்னாக்கா வீட்டுப் போனுக்கு உலகம்மாள் பேசினாள். கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளை. வருஷம் திரும்பும்போது கன்னித் தெய்வமாக நினைத்துப் படைக்க வேண்டும். ஊரில் செய்வதை வேல்விழியின் அப்பா செய்வார். தான் மட்டும் ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்து, அவள் உயிர் போன இடத்தில் புதுத்துணி வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. செல்விக்கு உலகத்தில் வேறு ஒரு பயமும் இல்லை. மாப்பிள்ளை போகட்டும், வேலை போகட்டும். அந்தத் தாய் இருக்கும்போது தன் வாயில் இருந்து அந்தக் குரல் வரக் கூடாது.

டாக்டர் கொடுத்த கவசத்தை மாட்டினாள். அது வாயைப் பூட்டவில்லை. ஒரு துண்டைச் சுருட்டி நாடிக்கு அணை கொடுத்துப் படுத்தாள். விழுந்துவிட்டது. கடைசியில் வெள்ளைத் துப்பட்டாவை நீளமாக மடித்து, நாடிக்கு அடியில் கொடுத்து, இரண்டு கன்னத்தின் வழியாக ஏற்றி, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

வீல் என்று ஒரு சத்தம் கேட்டு விழித்தாள். கதவோரம் ரத்னாக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடிப்பாவி! உசுரோட கீறவ கட்ற கட்டாடி இது?" ஓடிவந்து துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தாள். "உங்கூர்ல இதுக்கு இன்னா பேரு?"

"நாடிக்கட்டு" என்றாள் செல்வி.

"செத்தவங்களுக்குத்தான?"

"ஆமா அக்கா."

ரத்னாக்கா போகும்போது துப்பட்டாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வராமலே இருந்துவிடலாம் என்று செல்வி ஓ.டி. கேட்டு முதல் ஷிப்டிலும் நின்றாள். நின்றபடியே கண் சொக்கி மெஷின் மேல் சரியப் போனவளைப் பிடித்து, சூப்பர்வைசர் கோதண்டம், "நீ சாவறதுக்கு என் லைன்தான் கெடச்சுதா? வூட்டுக்குப் போ மொதல்ல" என்று விரட்டிவிட்டார்.

ரத்னாக்கா அறையைத் திறந்துவிட்டிருந்தாள். உள்ளே ஊதுபத்தி மணம். உலகம்மாள் பாய்க்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாயின் தலைமாட்டில் புதுச் சுடிதார், கண்ணாடி வளையல், பவுடர் டப்பா, காராச்சேவு, ஒரு சொம்புத் தண்ணீர். சின்ன விளக்கு எரிந்தது. ஒரு வருஷத்தில் உலகம்மாளுக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"வா தாயி. முகமெல்லாம் மெலிஞ்சு போச்சே. ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்க. நீ படு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

"எனக்குத் தூக்கம் வரல அத்தை."

"கண்ணு செவசெவன்னு கெடக்கு, வரலைங்கிறியே."

செல்வி சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். விரலை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். பல் விரலில் பட்டது, அழுந்தவில்லை. உலகம்மாள் வேல்விழி சின்னப் பிள்ளையில் செய்த குறும்பை எல்லாம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் தூரமாகிக்கொண்டே போனது. விளக்கு இரண்டானது. அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு காசளவு வெயில் பாயின் மேல் விழுந்திருந்தது.

விழித்தபோது அந்த வெயில் சுவருக்குப் போயிருந்தது.

உலகம்மாள் முன்னால் இருந்தாள். மூச்சு படுகிற தூரத்தில்.

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"எம்மவ பேசுனா" என்றாள், ரகசியம் சொல்வது மாதிரி.

செல்வி பின்னால் நகரப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

"உன் வாயிலதான் பேசுனா. எனக்குத் தெரியாதா அவ கொரலு? அக்கா, கைய எடுங்க. அக்கா, மூச்சு முட்டுது, கைய எடுங்க. மூணு மட்டம் சொன்னா."

அறைக்குள் வெளிச்சம் இன்னும் குறைந்த மாதிரி இருந்தது.

"எந்தக் கை தாயி?"

செல்வியின் கண் வலது கைக்குப் போனது. உலகம்மாள் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை எடுத்தாள். நிதானமாகத் தூக்கித் தன் நாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பிடியா?"

செல்வி உடைந்து போனாள். குறட்டைன்னு நெனச்சேன் அத்தை, தூக்கம் அத்தை, பாம்பு கடிச்சது தெரியாது அத்தை, எம்புட்டு நேரம் புடிச்சிருந்தேன்னு தெரியல அத்தை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு வருஷமாக நெஞ்சை அரித்தது அத்தனையும் வந்தது. உலகம்மாள் அந்தக் கையை விடவே இல்லை. செல்வி பேசி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னும் இறுக்கமாவா?"

அவள் மன்னிக்கவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. ஒரு வருஷமாக அறை மூலையிலேயே கிடந்த வேல்விழியின் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். புதுத்துணியையும் வளையலையும் அத்தை மறந்துவிட்டுப் போகிறாளே என்று செல்வி எடுத்து நீட்டினாள்.

"அது இங்கனயே கெடக்கட்டும்" என்றாள் உலகம்மாள். "அவ இங்கனதான இருக்கா."

அவள் போன பிறகுதான் செல்வி பார்த்தாள். விளிம்பு வரை தண்ணீர் இருந்த சொம்பு காலியாக இருந்தது. ஒருவேளை உலகம்மாள் குடித்திருப்பாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது, அதோடு அவளும் போய்விட்டாள் என்று செல்வி நம்பினாள். ரத்னாக்கா பக்கத்துச் சுவரில் காதை வைத்தே கேட்டுப் பார்த்தாள். ஒரு முனகல் இல்லை, பல் சத்தம் இல்லை. கார்த்திகை முழுக்க செல்வி நன்றாகத் தூங்கினாள். முகம் பழையபடி நீள்வட்டமாக இறங்கியது. புதிதாகப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினாள். ஆம்பிளைக் களை என்ற அதே ஆட்கள் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழி முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திறந்துகொண்டே வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் ஜாஸ்மினுக்கு வாயெல்லாம் பல். நேராகவும் பக்கவாட்டிலும் மறுபடி போட்டோ எடுத்துக்கொண்டார்.

"கடி." விரலுக்கு அடியில் ஒன்றும் எழவில்லை. "சூப்பர். ஒரு பிஸ்கட்டுக்கே கஷ்டப்படணும் நீ. கவசம் எங்க?"

செல்வி டப்பாவைத் திறந்து கொடுத்தாள். டாக்டர் அதைக் கழுவி, விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

"தினம் போட்டுக்கிட்டியா?"

"ஆமா டாக்டர்."

கவசம் முழுக்கப் பல் பதிந்த பள்ளம். சில இடத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் இறங்கியிருந்தது. டாக்டர் அலமாரியில் இருந்து செல்வியின் பல் அச்சை எடுத்து வந்து, கவசத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். இன்னொரு முறை வைத்தார்.

"இதை வேற யாராவது போட்டாங்களா?"

"இல்லியே டாக்டர். நான் தனியாத்தான் இருக்கேன்."

"உன் பல்லு வரிசையா இருக்கு. இங்க பாரு." இடது பக்கம், மற்றப் பள்ளங்களை விட்டு விலகி, வெளியே தள்ளி, ஒரு பள்ளம் தனியாக இருந்தது. "இது தெத்துப்பல் கடிச்ச தடம். அதுவும் இவ்வளவு ஆழம்... உன் தசையில இப்ப இந்தப் பலமே கெடையாது."

செல்வி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"சரி, பல்லைப் பாத்துடலாம். பயப்படாத, ஆ காட்டு." டாக்டர் குனிந்து, எல்லா நோயாளிக்கும் செய்வது மாதிரி, அவள் நாடிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார்.

"அக்கா, கைய எடுங்க."

டாக்டர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "எடுத்துட்டேன்மா, எடுத்துட்டேன். வலிக்குதா?"

செல்வி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் இன்னும் உதட்டைத் திறக்கவில்லை.